பெல்ட் கட்டிய பூசணிக்காய்

எங்கள் வீட்டில் மாமனாரும் மருமகளும் ஒன்றாக உட்கார்ந்து டிவி பார்க்கும் வழக்கம் கிடையாது. குரும்பலூரில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலுமே கிடையாது. அவர் ஹாலில் இருந்தால் நான் சமையற்கட்டில் இருப்பேன். நான் ஹாலில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தால் அவர் வாசலில் கட்டிலைப் போட்டுக்கொள்வார். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் எங்களுக்கு நடுவில் பேச்சை எடுத்துப் போகவும் ஆள் இல்லை. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன் மாமா." "சரிம்மா." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை.

இந்த ஏற்பாட்டை ஒரு சிவப்புக் கார்தான் கெடுத்தது.

ஒரு சாயங்காலம் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஹாலில் அவர் ஏதோ அறிவியல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர்கள் வாயை அசைக்க, தமிழ் வேறு எங்கிருந்தோ வரும் நிகழ்ச்சி. "நண்பர்களே, இந்தக் காரை இப்போது அதன் கடைசிப் பயணத்துக்கு அனுப்பப் போகிறோம்" என்றது ஒரு குரல். எந்த ஊரில் மனிதர்கள் இப்படிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். பொட்டல் காடு. நீளமாகத் தண்டவாளம். ஒரு முனையில் இரும்புப் பலகை ஒன்று, அதன் முதுகில் ராக்கெட். மறுமுனையில் காங்கிரீட் சுவரை ஒட்டி, பாவம், ஒரு சிவப்புக் கார். மூன்று, இரண்டு, ஒன்று என்றார்கள். ஒரு புகை எழுந்தது. கார் நின்ற இடத்தில் கார் இல்லை. அப்பளம் இருந்தது.

கையில் கரண்டியோடு நான் ஹாலுக்கே வந்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன் மாமா. திரும்பப் போடுவானா?"

"போடுவான். மெதுவா ஓட்டிக் காட்டுவான், இரு."

"இதை மறுபடியும் மெதுவாகப் பார்ப்போம்" என்றது அந்தக் குரல். பார்த்தோம். பம்பர் மடிந்தது, பானட் கசங்கியது, கண்ணாடி அரிசிப்பொரி மாதிரி பறந்தது. நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்தது, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் நான் நிலைப்படியில் நின்றபடி பார்த்தேன். அதற்கடுத்த வாரம் நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த மாதம் முடிவதற்குள் ஹாலில் சுவரோரமாகப் பாய் போட்டு, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே மாமனாரோடு பந்தயம் கட்ட ஆரம்பித்திருந்தேன். கண்ணாடி முதலில் போகுமா, கதவு முதலில் போகுமா. ஆளுக்குப் பதிலாக உள்ளே உட்காரவைத்த பொம்மையின் தலை எங்கே போய் இடிக்கும். தோற்றவர் டீ போட வேண்டும் என்று பேச்சு. அவர் போட்ட டீயை நான் குடித்திருக்கிறேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் நம்பமாட்டார்கள்.

அவர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். வேலையை விட்டு உட்கார்ந்த பிறகும் லாரிதான் அவருக்கு உலகம். கனமான வண்டிதான் ஜெயிக்கும், நசுங்காத வண்டிதான் நல்ல வண்டி என்பது அவர் கொள்கை. "எங்க வண்டி மூஞ்சியில செவுத்த மோதுனா செவுரு போயிரும்மா" என்பார். ஒரு நாள் அந்த நிகழ்ச்சியில் பழைய கால இரும்புக் கார் ஒன்றையும் புதுக் கார் ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். புதுக் காரின் மூக்கு காணாமல் போனது. உள்ளே இருந்த பொம்மை சும்மா உட்கார்ந்திருந்தது. பழைய காரில் ஸ்டேரிங் பொம்மையின் நெஞ்சுக்குள் இருந்தது. வண்டி நசுங்க வேண்டும், அப்போதுதான் ஆள் நசுங்கமாட்டான், அதற்காகவே அப்படிச் செய்கிறார்கள் என்று அந்தக் குரல் சொன்னது. மாமனார் டிவியை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் டிவியோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்து, "சரி, அவன் சொல்றதும் ஒரு வகையில நியாயம்தான்" என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. அவளுக்கு மோதலைவிட அந்தக் குரல்தான் பிடித்தது. பால் பொங்கினால் "அடக் கடவுளே, இது நம்ப முடியாதது" என்பாள். தாத்தா கால் தடுக்கினால் "இதை மறுபடியும் மெதுவாகப் பார்ப்போம்" என்பாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சாக்பீஸைக் கீழே போட்டபோதும் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

இதில் சேராதவர் ஒருவர்தான், என் வீட்டுக்காரர். அவருக்குச் சொந்தமாக ஒரு லோடு வண்டி இருக்கிறது. வெங்காயம், மக்காச்சோளம், சிமெண்ட், கல்யாணச் சாமான் என்று எதைச் சொன்னாலும் ஏற்றுவார். நாளெல்லாம் ரோட்டில் இருந்துவிட்டு வரும் மனிதருக்கு வீட்டுக்கு வந்தும் வண்டி மோதுவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. "விளக்கு வெக்கிற நேரத்துல டமால் டமால்னு, என்னா ரசனை இது" என்று முகம் கழுவப் போய்விடுவார்.

எங்கள் வண்டியில் முன்னால் அவரைத் தவிர இரண்டு பேர் உட்காரலாம். ஆனால் என் மகள் உட்காரமாட்டாள். என் முழங்காலுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள சந்தில், கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அதுதான் அவள் இடம். நான் பின்னாலிருந்து அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்திருப்பேன். அந்த நிகழ்ச்சி பார்க்கும் வரை அது எனக்கு அழகான காட்சியாகத்தான் இருந்தது. பார்த்த பிறகு அந்தச் சந்தும் அந்தக் கண்ணாடியும் என் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. வண்டி நின்றாலும் உள்ளே இருக்கிறவர்கள் நிற்பதில்லை, வண்டி எந்த வேகத்தில் போனதோ அதே வேகத்தில் அவர்கள் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருப்பார்கள். இதைப் பொம்மைகளை வைத்து அத்தனை முறை பார்த்துவிட்டேன். இனிமேல் பார்க்காத மாதிரி இருக்க முடியாது. அவளை உட்காரவைத்துப் பெல்ட் போட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சொல்லிப் பார்த்தேன். அவர் வண்டியில் பெல்ட் புதுசாகவே இருந்தது, ஏனென்றால் அதை யாரும் தொட்டதில்லை. சுங்கச்சாவடி வந்தால் எடுத்து மேலே போட்டுக்கொள்வார், தாண்டியதும் விட்டுவிடுவார்.

"கெளம்பும்போதே அடிபடப் போறோம்னு நெனச்சுக்கிட்டுக் கட்டுறதா? எலுமிச்சம்பழம் வெச்சு, சாமி கும்பிட்டு எடுக்குற வண்டி. அதுல ஒக்காந்து மொதல் வேலையா அபசகுனமா நெனைக்கணுமா?"

"புள்ளைக்காவது போடுங்க."

"நீதான் புடிச்சிருக்கியே, அப்பறம் என்ன? பெத்தவ கையவிட பெல்ட்டு பெருசா?"

உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் அப்படிப் பேசத் தெரிந்த ஆள்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் பையனுக்குக் காது குத்து வந்தது. நாத்தனார் என்றால் அவருக்கு ஒரே தங்கை. அரியலூர் தாண்டி விக்கிரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவர்கள் குலதெய்வம் கோயிலில் மொட்டை, காது குத்து, கிடா வெட்டு. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால் எங்கள் வீட்டுக்காரர் இல்லாமல் காரியம் நடக்காது. எப்போதும் போலத் திட்டம் தயாரானது. முன்னால் நாங்கள் மூன்று பேர். பின்னால் தார்ப்பாய் விரித்து அண்டா, குண்டா, அரிசி மூட்டை, அவற்றின் மேலும் நடுவிலும் சொந்தக்காரர்கள், ஓரமாகக் கிடா. யோசித்துப் பார்த்தால் எங்கள் வண்டியில் இத்தனை வருஷத்தில் கட்டிப்போட்டுக் கூட்டிப்போன ஒரே ஜீவன் கிடாதான்.

இதை மாமனாரிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"வாயால சொன்னா கேக்கமாட்டாம்மா. எம் புள்ளதான, எனக்குத் தெரியாதா. காட்டணும்."

"எப்புடிக் காட்டுறது மாமா?"

"அவனுவ எப்புடிக் காட்டுறானுவ? அதேமாரிதான்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நாங்களே ஒரு சோதனை செய்யப் போகிறோம். குரும்பலூரில்.

டீக்கடைக்காரர் ஒருவர் கைவிட்ட தள்ளுவண்டியை மாமனார் எங்கிருந்தோ பேசி வாங்கி வந்தார். கூரையையும் மேடையையும் கழற்றிவிட்டு, கால் அறுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டை அதன் மேல் கம்பி போட்டு முறுக்கினார். பெரம்பலூர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு காரின் சீட் பெல்ட் வந்தது. அதை நாற்காலிக்குத் தக்கபடி தைத்துத் தருவது என் வேலை. என் மிஷின் ஊசி படக்கென்று ஒடிந்தது. வேறு ஊசி மாட்டினேன், அதுவும் ஒடிந்தது. கடைசியில் கோணி ஊசியால் கையில் தைத்தேன். எத்தனையோ துணியைத் தொட்ட கை இது. அந்தப் பெல்ட் துணியின் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

பொம்மைக்கு எங்கே போவது? ஆள் தலை மாதிரி கனமாகவும் இருக்க வேண்டும், அடிபட்டால் தெரியவும் வேண்டும். பரங்கிக்காய் பார்த்தோம், சின்னதாக இருந்தது. நல்ல பெரிய வெள்ளைப் பூசணிக்காய் இரண்டு வாங்கினேன். டிவியில் பொம்மைகளின் கன்னத்தில் மஞ்சளும் கறுப்புமாக வட்டம் போட்டிருப்பார்கள். நான் மஞ்சள்தூளைக் குழைத்தும் கரியைத் தேய்த்தும் அதே வட்டத்தைப் போட்டேன். மகள் தன் பங்குக்குக் கண், மூக்கு, மீசை வரைந்தாள். நன்றாகத்தான் இருந்தது. அது வேறு எதைப் போல இருக்கிறது என்று அப்போது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏரிக்கரையிலிருந்து கீழே இறங்கும் சிமெண்ட் பாதைதான் எங்கள் பொட்டல் காடு. பாதை முடியும் இடத்தில் வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டைச்சுவர். ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்காரர் லோடுக்குப் போகாத நாளாகப் பார்த்து இழுத்துக்கொண்டு போனோம். அவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் பல் துலக்கும் குச்சியோடு வந்தார்கள். இடது நாற்காலியில் பெல்ட் கட்டிய பூசணி, வலதில் கட்டாத பூசணி. இரண்டுக்கும் பழைய சட்டை மாட்டிவிட்டிருந்தேன். மகள் போனில் மெதுவாக ஓடும் வீடியோவைத் தட்டிவிட்டு, "நண்பர்களே" என்று ஆரம்பித்தாள்.

முதல் தடவை வண்டி பாதிச் சரிவிலேயே கோணிக்கொண்டு கருவேல முள்ளுக்குள் புகுந்தது. இரண்டு பூசணியும் சுகமாக உட்கார்ந்திருந்தன. ஊர் சிரித்தது. வீட்டுக்காரர் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

"ஸ்டேரிங் இல்லாத வண்டி பின்ன எங்க போவும்" என்று மாமனார் முணுமுணுத்தார். பிறகு விறுவிறுவென்று போய், யாரோ போர்வெல்லுக்கு வாங்கிப்போட்டிருந்த பிளாஸ்டிக் பைப்புகளைக் கேட்டு வாங்கி வந்து, சரிவில் இரண்டு ஓரமும் நீளமாகப் போட்டுக் கல் முட்டுக் கொடுத்தார். டிவியில் தண்டவாளம் இருந்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே மேலே ஏறி வண்டியின் பின்னால் கை வைத்தேன்.

மூன்று, இரண்டு, ஒன்று.

இவ்வளவு வேகம் எடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கடகடவென்று பைப்புகளுக்கு நடுவில் நேராகப் போய்க் கட்டைச்சுவரில் மோதியது. வண்டி நின்றது. கட்டாத பூசணி நிற்கவில்லை. நாற்காலியை விட்டுச் சட்டையோடு எழுந்து பறந்து, சுவரின் விளிம்பில் பட்டுச் சிதறியது. சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. விதையும் சதையுமாக வாய்க்கால் வரை தெறித்தது. கட்டிய பூசணி ஒரு குலுங்கு குலுங்கி, மீசையோடு அப்படியே உட்கார்ந்திருந்தது.

நான் கத்தினேன். மாமனார் துண்டைத் தலைக்கு மேல் சுற்றினார். மகள் குதித்தாள். என் வாழ்க்கையில் எனக்கு ஒரு பரிசு கிடைத்ததில்லை, மேடை ஏறியதில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்கு அதெல்லாம் கிடைத்த மாதிரி இருந்தது. ஓடிப்போய் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றிருந்தது. அவர் வாயைத் திறக்கப் போனார்.

அப்போது பின்னாலிருந்து, "யாரும் தாண்டாதீங்க, யாரும் தாண்டாதீங்க" என்று குரல் வந்தது. நாத்தனார். அண்ணனுக்கு முறையாகப் பத்திரிகை வைத்து அழைக்க வெற்றிலை பாக்குத் தட்டோடு விக்கிரமங்கலத்திலிருந்து வந்தவள், வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து விசாரித்துக்கொண்டு கரைக்கே வந்துவிட்டாள். நேராகச் சிதறிய பூசணிக்குப் போனாள். தட்டிலிருந்த குங்குமத்தில் ஒரு கை அள்ளி அதன் மேல் கொட்டினாள். கற்பூரத்தை எடுத்துப் பற்றவைத்தாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து சில்லறையை எடுத்து வீசினாள்.

"நல்ல வேலை பண்ணுனீங்க அண்ணி. விசேஷத்துக்கு முன்னாடியே திருஷ்டி கழிச்சிட்டீங்க. இனிமே வண்டிக்கு ஒண்ணும் வராது."

வீட்டுக்காரர் முகம் தெளிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா, கண்ணு போயிருச்சு. இனி தைரியமா எடுக்கலாம்" என்றார் என்னிடம். பல் குச்சிக்காரர்கள் எல்லோரும் கும்பிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. எங்கள் சோதனை, எங்கள் தண்டவாளம், என் கோணி ஊசித் தையல், எல்லாம் ஒரு நொடியில் திருஷ்டிப் பூசணி ஆகிவிட்டது. ஆபத்தைக் காட்டத்தான் உடைத்தேன். உடைந்ததாலேயே ஆபத்து போய்விட்டதாம். மஞ்சளும் கரியும் மீசையும் போட்ட பூசணியைப் பார்த்து எங்கள் பக்கத்து மனிதர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? அதை முன்னாலேயே யோசிக்காத என் புத்தியை நானே நொந்துகொண்டேன்.

நாத்தனார் அதோடு விடவில்லை. வண்டியில் உட்கார்ந்திருந்த மற்றதைப் பார்த்துவிட்டாள்.

"இது ஏன் ஒடையல? ஒடையாத திருஷ்டிக்காய வெச்சிக்கிட்டு நிக்கக் கூடாது அண்ணி. அதான் பொல்லாதது. குடுங்க, ஒடச்சிடறேன்."

பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் பூசணியை இழுத்தாள். அது வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். வரவில்லை. என் மகள் ஓடிப்போய்ப் பூசணியைக் கட்டிக்கொண்டாள்.

"அத்தை, வுடுங்க. அது சாவல. பொழச்சிருக்கு. அத ஏன் ஒடைக்கிறீங்க?"

நாத்தனார் கை நின்றது. குழந்தையைப் பார்த்தாள், பூசணியைப் பார்த்தாள், அதன் குறுக்கே போன பெல்ட்டைத் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே வண்டியிலயா வந்துச்சு?"

"ஒரே வண்டிதாம்மா" என்றார் மாமனார்.

"அப்ப அந்தக் கண்ணு இதுகிட்ட மட்டும் வரவே இல்லை. இந்தப் பெல்ட்டுகிட்ட அண்டல."

இல்லை, அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேகம், வண்டி நிற்பது, ஆள் நிற்காதது என்று எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. மாமனார் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே, சும்மா இரும்மா என்றார். தப்பாக ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது என் சுபாவத்தில் கிடையாது. அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

நாத்தனார் மீதிக் குங்குமத்தோடு விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள். எல்லோரும் பின்னால் போனோம். வாசலில் நின்ற லோடு வண்டியின் கதவைத் திறந்து, டிரைவர் பெல்ட்டை நீளமாக இழுத்து, அதில் வரிசையாகக் குங்குமம் வைத்தாள். ஜன்னல் பக்கத்துப் பெல்ட்டுக்கும் வைத்தாள். நடு சீட்டுக்கு இடுப்புப் பட்டை ஒன்று உள்ளே புதைந்து கிடந்ததை மாமனார் தோண்டி எடுத்துக் கொடுத்தார். அதற்கும் வைத்தாள்.

"எம் புள்ளைக்கு மடி குடுக்கப் போறவன் நீ. இதக் கட்டிக்கிட்டுதான் வரணும். பாப்பாவுக்கும் கட்டணும்."

"சரிம்மா" என்றார் வீட்டுக்காரர். நான் இத்தனை நாள் தொண்டை கிழியக் கேட்டது. எத்தனை சுலபமாக ஒரு சரிம்மா.

"பின்னால எங்க பெல்ட்டு?"

"பின்னால ஏது? கிடாவுக்குக் கயிறு இருக்கு."

"அப்ப கிடா மட்டும் அதுல வரட்டும். மத்தவங்கள பஸ்ஸுல வரச் சொல்லு" என்றாள்.

மாமனார் துண்டால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்.

காது குத்து நாளன்று விடிந்ததும் கிளம்பினோம். சொந்தக்காரர்களோடு மாமனார் பஸ்ஸுக்குப் போனார். மகளுக்குப் பெல்ட் கழுத்தில் உரசாமல் இருக்க ஜமக்காளத்தை மடித்துப் போட்டு ஜன்னலோரம் உட்காரவைத்தேன். அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு மூக்கை ஒட்ட முடியவில்லையே என்று வருத்தம். தங்கை சொன்னதற்காக அவரும் பெல்ட்டை மாட்டியிருந்தார். நடுவில் இடுப்புப் பட்டையோடு நான். மடியில் தாய்மாமன் சீர்த் தாம்பாளம். அதன் நடுவில் தண்ணீர் நிறைத்த பித்தளைச் சொம்பு. சொம்பு சாயக் கூடாது என்பதால் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். பின்னால் அண்டாக்களும் கிடாவும்.

பெரம்பலூர் தாண்டி அரியலூர் ரோட்டில் ஏறியதும் வண்டி சீராகப் போனது. அரியலூர் நெருங்கும்போது முன்னால் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி. நல்ல இடைவெளி விட்டுத்தான் அவர் ஓட்டினார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து மண் பாதையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள், கீரைக்கட்டோடு, எதையும் பார்க்காமல் குறுக்கே வந்தது. அவர் பிரேக்கில் ஏறி நின்றார்.

டயர் கத்தியது. பின்னால் அண்டாக்கள் கேபினில் வந்து மோதின. இடுப்புப் பட்டை என்னை வயிற்றில் பிடித்து நிறுத்தியது. என் கையிலிருந்த சொம்பு என் கையில் இல்லை. முன் கண்ணாடியில் டணார் என்று பட்டுக் கீழே விழுந்தது. கீரைக்கட்டுக்காரர் எங்களைத் திரும்பியும் பார்க்காமல் போய்விட்டார். வண்டி நின்றது. நாங்கள் மூன்று பேரும் நின்றிருந்தோம், அதாவது அவரவர் இடத்தில் இருந்தோம்.

கண்ணாடியில் சொம்பு பட்ட இடத்திலிருந்து கோடு கோடாக விரிசல் பரவியிருந்தது. என் முழங்காலுக்கு நேர் எதிரே. என் மகளின் தலை எப்போதும் இருக்கிற உயரத்தில்.

பின்னால் கிடா ஒரு தடவை கத்தியது. அப்போது ஜன்னலோரத்திலிருந்து அந்த டிவிக் குரல், சின்னதாக வந்தது.

"இதை மறுபடியும் மெதுவாகப் பார்ப்போம்."

நான் என் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சொம்பை அப்படி இறுக்கித்தான் பிடித்திருந்தேன். அவள் இடுப்பைப் பிடிப்பதும் இதே கைதான், இதே பிடிதான். அவரும் என் கையைத்தான் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்து, யாரும் சொல்லாமல் பெல்ட்டை இழுத்து மாட்டினார். என் கையைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை.

கோயிலில் மருமகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் எல்லோரும் கவனித்தார்கள். அவருடைய புது வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்கே குங்குமக் கோடு. நாத்தனார் ஈரத்துணி கொண்டுவந்து துடைக்கப் போனாள். "இருக்கட்டும், வுடு" என்றார். காது குத்துப் போட்டோ எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருக்கிறது. ஏதோ மாலை என்று நினைத்துக் கேட்டவர்களும் உண்டு.

பிழைத்த பூசணி இப்போது எங்கள் டிவிக்குப் பக்கத்தில் மீசையோடு உட்கார்ந்திருக்கிறது. அதைச் சமைக்க யாருக்கும் மனம் வரவில்லை. சாயங்காலம் ஆனால் நானும் மாமனாரும் பந்தயம் கட்டுகிறோம், டீ அவர்தான் அதிகம் போடுகிறார். வீட்டுக்காரரும் முகம் கழுவிவிட்டு வந்து எங்களோடு உட்காருகிறார். கார் மோதுவதை எங்களைப் போலவே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார். மெதுவாக ஓட்டிக் காட்டும்போது மட்டும் அவர் டிவியைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளைப் பார்க்கிறார்.